குவாரியில் பார்த்த கடல்

பெரம்பலூரில் மகள் படிக்கும் பள்ளியின் ஆபீஸில் ஓர் ஓவியம் மாட்டியிருக்கிறார்கள். கிட்டே போனால் நீலமும் வெள்ளையும் காவியுமாக வெறும் தீற்றல்கள். நாற்காலிக்குத் திரும்பிவந்து பார்த்தால் பாறைகளில் கடல் மோதுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடல் பார்க்க அழைத்துப்போகிறார்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடத்தான் வந்தேன். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

அரியலூரில், இதே வயதில், எனக்கும் இப்படியொரு கடிதம் வந்தது. "தண்ணின்னா சும்மாவா? ஒண்ணும் வேணாம்" என்று அம்மா அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். என் அழுகை தாங்காமல் அப்பா எங்கள் இருவரையும் மொபெட்டில் ஏற்றி, கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் கூட்டிப்போனார். வெளிறிய பாறைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. கல்லில் பதிந்திருந்த சிப்பியைத் தொட்டுக்காட்டி, "ஒரு காலத்துல இங்கதான்டி கடலு இருந்துச்சு. நீ கொஞ்சம் லேட்டா வந்துட்ட" என்றார்.

சிரித்துக்கொண்டே தண்ணீர்ப் பக்கம் ஓரடி வைத்தேன். அம்மா சடையைப் பிடித்து இழுத்தாள். வலியில் திரும்பினேன். மொபெட்டில் ஏறி உட்காரும்வரை அவள் சடையை விடவேயில்லை.

"என்னங்க, இன்னும் கையெழுத்துப் போடலியா?" என்றார் டீச்சர்.

"தண்ணியில எறக்குவீங்களா டீச்சர்?"

"கால் நனைக்க மட்டுந்தாங்க. பயமா இருந்தா நீங்களும் வாங்களேன். தொணைக்கு ரெண்டு அம்மாங்க வேணும்."

கையெழுத்தைப் போட்டுக் கடிதத்தை நீட்டினேன். "வரேங்க. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நானும் இப்பதான் மொத மொதல்ல கடலு பாக்கப்போறேன்."