இடதுபக்கப் படம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு புதிய சிவப்பழகு கிரீமை அறிமுகப்படுத்தும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு காரணங்கள். நான் பி.காம். முடித்திருந்தேன். நல்ல நிறமாக இருந்தேன். இரண்டாவது காரணத்தைத் திருச்சி மேனேஜர் இண்டர்வியூவிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

ஒரு வேன், ஒரு மைக், பன்னிரண்டு பெண்கள், நாற்பது ஊர்கள். பெண்களைப் பிடிப்பதும் ஊர்களை வரிசைப்படுத்துவதும் என் வேலை. இரண்டும் எனக்குத் தெரியாது. தெரிந்தவள் என் தோழி. வாலிகண்டபுரத்திலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் காலேஜுக்கு வந்தவள். படிப்பு முடிந்ததும் மகளிர் குழுக்களுக்கு நோட்டு எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியிருந்தாள். எங்கள் வீட்டுத் தரையில் சார்ட் பேப்பரை விரித்து மூன்று நாளில் முழுத் திட்டத்தையும் போட்டுக் கொடுத்தாள். எந்த ஊரில் களை எடுப்பு, எந்த ஊரில் பெண்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பதினொரு பெண்களையும் அவளே கூட்டி வந்தாள். பன்னிரண்டாவது ஆள் அவள்தான் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம்.

அவள் கறுப்பு. அதுவரை நான் அதைத் தனியாக நினைத்துப் பார்த்ததில்லை என்று சொன்னால் பொய்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் ஆள் எடுத்தார்கள். மேனேஜர் பெண்களை ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நிற்க வைத்து முகத்தைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். என் தோழி பேசியபோது ஹாலே அமைதியானது. மேனேஜர்கூடத் தலையாட்டினார். நான் பேசியபோது அவர் அப்படித் தலையாட்டியதில்லை.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். அவளுக்குக் கேட்கும் தூரத்தில்தான் நின்றோம்.

"இந்தப் பொண்ண வேன் முன்னாடி நிறுத்துனா நம்ம கிரீமை யாரும்மா நம்புவா?"

அவர் அவளை அனுப்பிவிடத்தான் நினைத்தார். நான்தான் சொன்னேன். "சார், கிரீம் போடுறதுக்கு முன்னாடி எப்படி, போட்ட பின்னாடி எப்படின்னு ரெண்டு படம் போட்டு போர்டு வைக்கணும்னீங்களே. அதுக்கு இவ சரியா இருப்பா."

அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்ததாகவே அன்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "போட்டும் வெளுக்கலேன்னா என்னடி பண்ணுவ?"

"வெளுக்கும்டி," என்றேன்.

அரியலூரில் ஒரு ஸ்டூடியோவில் அவளைப் படம் எடுத்தோம். பவுடர் போடக் கூடாது, சிரிக்கக் கூடாது, எண்ணெய் வழிய இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். நானே என் கையால் அவள் நெற்றியில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அதன் பிறகு ஆறு வாரம் காலையும் மாலையும் கிரீம். சனிக்கிழமைதோறும் அவள் கன்னத்தின் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவேன். நிறம் மாறவில்லை. நெற்றியில் பொரிப்பொரியாக வந்தது, அவ்வளவுதான். அவள் ஒழுங்காகப் போடவில்லை என்றார் மேனேஜர். அதை அப்படியே எல்லாப் பெண்களுக்கும் முன்னால் அவளிடம் கேட்டேன். மறுநாள் அவள் தீர்ந்துபோன டியூப்களை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். நான் பையைத் திறக்கவே இல்லை.

போர்டு வந்தது. இடதுபக்கம் அவள். வலதுபக்கம் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி, அவளைப் போலவே தலைவாரி, அதே மாதிரி மூக்குத்தி போட்டு. கீழே ஆறு வாரம் என்று எழுதியிருந்தது.

ஸ்டாக் ரூமில் பெட்டி எடுத்துக்கொண்டிருந்த என் தோழி அதைப் பார்த்தாள். வேப்பந்தட்டைப் பக்கம் மட்டும் போர்டைக் கொண்டுபோகாதே என்று கேட்டுக்கொண்டாள். அங்கிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்களாம். சரி என்றேன். ரூட் என் கையில்தான் இருந்தது. ஒரு ஊரை மாற்றுவதற்காக மேனேஜரிடம் போய் நிற்க எனக்கு மனமில்லை. நாலாவது நாள் வேன் வேப்பந்தட்டைக்குப் போனது.

அடுத்த வாரம் அவள் அம்மா என் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்று சொல்லிவிட்டதைச் சொன்னார். படத்தையாவது எடுத்துடும்மா என்றார். அது கம்பெனி கையில் இருக்கிறது என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மறுபடியும் வேப்பந்தட்டையில் வேன் நின்றது. நல்ல கூட்டம். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து போர்டின் பக்கத்தில் நின்றாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். பெண்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நாந்தாங்க அது," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஆறு வாரம் போட்டேன். இப்ப எப்புடி இருக்கேன்னு பாத்துக்குங்க. பக்கத்துல இருக்குறது வேற பொண்ணு."

வாங்கிய பாக்கெட்டைச் சிலர் திருப்பி நீட்டினார்கள். மைக் என் கையில் இருந்தது.

"இந்தக் கறுப்பு, கிரீமுக்கு அடங்குற கறுப்பான்னு பாருங்க," என்றேன். "இவங்களுக்குச் சுண்ணாம்புதான் அடிக்கணும்."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு பெண்கள் சிரித்தார்கள். வேனில் இருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். எல்லோருமே அவள் கூட்டி வந்தவர்கள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் வரும்வரை அங்கேயே ரோட்டோரம் நின்றாள். கூட்டம் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாக்கெட் வாங்கியது.

விஷயம் தெரிந்து மேனேஜர் என்னைப் பாராட்டினார். கூட்டத்தில் யாராவது குறை சொன்னால் இதைச் சொல்லுங்கள் என்று மற்ற மாவட்ட வேன்களுக்கும் அந்த வரியை எழுதி அனுப்பினார். சீசன் முடிந்ததும் என்னைத் திருச்சி ஆபீஸில் நிரந்தரமாக்கினார்கள்.

நாலைந்து வருடம் கழித்து அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அம்மாவைப் போலவே நிறம். பேசலாம் என்று பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போனாள்.