குனிந்தால் அதிரும் பெல்ட்

அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை அள்ளி வண்டியில் போட வேண்டும். பல வருஷமாக இடுப்பு வலி. ஈரத்துணியின் கனம்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள்; அவளும் அப்படியே சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அது புருஷனின் பூட்ஸ் பார்த்த வேலை. லாரி ஓட்டும் அந்த மகராசன், வீட்டுக்கு வந்தால் அவளை மிதித்துத்தான் களைப்பாறுவான்.

பிசியோதெரபி டாக்டரம்மா ஒரு பெல்ட்டைக் கொடுத்தாள்.

"இதை இடுப்புல கட்டிக்கோங்கம்மா. முதுகு வளைஞ்சா அதிரும், உடனே நிமிர்ந்திடணும். கனமா எதைத் தூக்கினாலும் முட்டியை மடக்கி உக்காந்து, உடம்போட அணைச்சுத் தூக்குங்க. அப்ப அதிராது. இதுலயும் சரியாகலைன்னா வேலைய விட வேண்டியதுதான்."

வேலை போனால் நாளெல்லாம் வீட்டில், அவன் காலடியில் கிடக்க வேண்டும். அதனால் பெல்ட்டின் பேச்சை அவள் தட்டியதே இல்லை. அதிர்ந்தால் நிமிர்வாள், யோசிக்கக்கூட மாட்டாள்.

"என்னக்கா, பட்டாளத்துல சேந்துட்டியா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள்.

அன்று சாயங்காலம், சாப்பாடு ஆறிவிட்டது என்று அவன் தட்டை அவள் முகத்தில் விசிறியடித்தான். உதடு கிழிந்தது. அடுத்து உதைதான் என்று அவளுக்குத் தெரியும். வழக்கம்போல் முதுகை வளைத்துச் சுருண்டாள். முடியைப் பிடித்து இழுக்க அவன் குனிந்தான்.

பெல்ட் அதிர்ந்தது. அவள் விருட்டென்று நிமிர்ந்தாள். உச்சந்தலை அவன் தாடையில் மோதிப் பல்லைப் பெயர்த்தது.

"எதுத்தா நிக்கிற? முதல்ல அந்தச் சனியனக் கழட்டுடி!" ரத்தத்தைத் துப்பிக்கொண்டு அவன் பெல்ட்டின் மேல் பாய்ந்தான்.

அடுப்பிலிருந்த இரும்பு வாணலி அவள் கைக்கு எட்டியது. முதல் அடி பயத்தில் விழுந்தது. அவன் மணிக்கட்டு மளுக்கென்று முறிந்தது. இரண்டாவது அடியை ஆசை தீர, தோளில் போட்டாள். அவன் சுருண்டு விழுந்தான்.

"ஐயோ... தூக்கி விடுடி," என்று முனகினான்.

தூக்கினாள். முட்டியை மடக்கி உட்கார்ந்து, கக்கத்தில் கைகொடுத்து, உடம்போடு அணைத்துத் தூக்கி, வாசலுக்கு வெளியே போட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டாள்.

பெல்ட் ஒரு தடவைகூட அதிரவில்லை.