ராஜாவின் அப்பு

கொட்டகலை ஸ்டேஷனில் மழை தூறுகிறது. பதுளை ரயில் இன்னும் வரவில்லை. என் மடியில் ஒரு தடித்த புத்தகம். இடைக்கால ஹங்கேரியில் அரசனுக்கு மது பரிமாறும் அதிகாரியாக இருந்த ஒரு பிரபுவின் வரலாறு. பக்கத்தில் லீக்ஸ் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருக்கும், முன்பின் தெரியாத ஒரு அம்மா, அட்டையிலுள்ள ஆளைக் காட்டி யாரென்று கேட்கிறார். சொல்கிறேன்.

"அப்ப ராஜாவோட அப்புவா?"

தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமைத்துப் பரிமாறுகிறவரைத்தான் இங்கே அப்பு என்பார்கள். எனக்குச் சுருக்கென்கிறது.

"இல்லம்மா, இவர் பெரிய பிரபு. கோட்டை, ஊர் எல்லாம் இருந்துச்சு" என்று திருத்துகிறேன்.

"அப்பறம்?"

"ராஜா செத்ததும் புது ராஜா எல்லாத்தையும் பிடுங்கிட்டார். மறுபடி கூப்பிடுவாங்கன்னு காத்துக் கெடந்தே செத்துப்போனார்."

அம்மா பையின் வாயை இறுக்கிக் கட்டுகிறார்.

"எங்கப்பாவும் அப்புதாங்க. தொரை மாறிப் போனாரு. புதுத் தொரை அவரோட அப்புவக் கூட்டியாந்துட்டாரு. அப்பாவ கொழுந்து பறிக்கிறவங்க இருக்குற லயத்துக் காம்பராவுக்கு எறக்கிட்டாங்க. பொழுது சாஞ்சா பங்களாவுல பரிமாறப் போட்ட அந்த வெள்ளக் கோட்டத் தேச்சுப் போட்டுக்கிட்டு, பங்களாவப் பாத்துக்கிட்டு வாசல்ல நிப்பாரு. சாவுற வரைக்கும் நின்னாரு."

நான் திருத்தாமலே இருந்திருக்கலாம்.

மூடுபனிக்குள் ரயில் கூவுகிறது. "கோச்சி வந்துருச்சுங்க" என்று அம்மா எழுகிறார். பையைத் தூக்கியவர், என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்:

"ஒங்காளு எங்க நின்னு பாத்தாராம்?"

அது புத்தகத்தில் இல்லை.