நானே பூட்டிய தாங்கி

மொன்றியலில் வீடு வாங்கியவன் இரண்டு பேரின் வயதை மறக்கக் கூடாது. ஒன்று பிள்ளையின் வயது, மற்றது சுடுதண்ணீர்த் தாங்கியின் வயது. தாங்கிக்குப் பத்து வயது தாண்டினால், அது வெடித்து ஊற்றும் தண்ணீருக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று காப்புறுதிக் கம்பனி கடிதம் போட்டுவிடும். எனக்கும் போட்டது. வில்லரேயில் எங்கள் பழைய வீட்டின் பேஸ்மென்டில் நின்ற அந்தத் தாங்கி ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை. கடிதத்துக்கு அது எங்கே விளங்கப் போகிறது?

ஒரு கம்பனியைக் கூப்பிட்டேன். வந்தவர் சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, அளந்து, பிரெஞ்சில் ஒரு தாள் எழுதித் தந்தார். தாங்கிக்கு ஒரு விலை, கூலி, பழையதைத் தூக்கிப் போக ஒரு விலை, அதற்கு மேல் இரண்டு வரி. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் டொலரைத் தாண்டியது.

அந்தத் தாள் குசினி மேசையில் கிடந்தபோதுதான் தங்கச்சி வந்தாள். தாய் தகப்பன் போன பிறகு எனக்கு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். நான் பொறுப்பு நின்று இந்த நாட்டுக்கு எடுப்பித்து, நானே கலியாணமும் செய்து வைத்தேன். அவள் புருசன் ஒரு பிளம்பரிடம் கையாளாக வேலை செய்தான். சொந்தமாக லைசென்ஸ் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

"இவர் இருக்கேக்க ஏன் அண்ணை வெள்ளைக்காரனுக்கு அள்ளிக் குடுக்கிறியள்? கேள்விப்பட்டால் அவருக்கு மனம் நோகும்" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் அதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. மச்சான்காரன் வேலை செய்ய வந்தால் அவனிடம் விலை கேட்கக் கூடாது, பற்றுச்சீட்டு கேட்கக் கூடாது, உனக்கு இது சரிவரத் தெரியுமா என்று கேட்கவே கூடாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சும்மாவா சொன்னார்கள். அந்த மாடு முட்டினால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து இருவரும் வந்தார்கள். பேஸ்மென்டின் அந்த மூலையில் வெளிச்சம் போதாது. நான் தாங்கியை அணைத்துப் பிடித்தேன், தங்கச்சி டோர்ச் லைட் பிடித்தாள், அவன் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினான். நாலு மணித்தியாலம் சென்றது. இடையிடையே, "இன்னும் கொஞ்சம் இஞ்சால பிடியும்" என்று அவன் அவளை அதட்டுவான். அவள் கை உளைகிறது என்று சிரித்துக்கொண்டே கையை மாற்றுவாள்.

முடிந்ததும், "எவ்வளவு மச்சான்?" என்று ஒரு முறைக்குக் கேட்டேன்.

"உங்களிட்டக் கூலி வாங்கிறதோ? சாமான் காசை மட்டும் தாங்கோ."

சாமான் காசைக் கொடுத்தேன். கூலிக்குப் பதிலாக அவர்கள் பிள்ளையின் சட்டைப் பைக்குள் கொஞ்சம் வைத்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பனி கொட்டிய அந்த மாரி முழுக்கச் சனிக்கிழமைகளில் அவனைப் புரோசார்டில் நடந்த வகுப்புக்குக் காரில் ஏற்றி இறக்கியது நான். அவனுக்கு வந்த பிரெஞ்சுக் கடிதங்களுக்குப் பதில் எழுதியதும் நான். கம்பனிக்காரன் கேட்ட விலையை இப்படி நான் தவணை முறையில் கட்டிக்கொண்டிருந்தேன். இருந்தும் பேச்சு என்னவோ, மச்சான் சும்மா பூட்டித் தந்தவர் என்பதுதான்.

அடுத்த மாரியில் ஒரு நாள் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போதே கீழே தண்ணீர் இரைவது கேட்டது. தாங்கியின் மேல் இணைப்பு கழன்று போயிருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். பலகைத் தரை உப்பி, சுவர் அரைவாசிக்கு ஊறி, எங்கள் கலியாண அல்பம் மிதந்தது. நான் போன் பண்ணியதும் மச்சான் ஓடிவந்து தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும் மச்சான்" என்றான். ஆனை சறுக்கினால் ஆனைக்கல்லவா நோக வேண்டும், என் வீட்டுத் தரைக்கு ஏன் நோகிறது? இதை நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காப்புறுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மரியாதையான பிள்ளை. தாங்கிக்கு வயது சரி, பூட்டியது யார், அவருடைய லைசென்ஸ் இலக்கம் என்ன, பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டாள். ஒரு நாள் தவணை கேட்டேன்.

அன்றைக்குத் தங்கச்சி போனில் அழுதாள். "அவருக்குச் சோதினைக்கு மூண்டு கிழமைதான் அண்ணை கிடக்கு. பேரைச் சொல்லிப்போடாதேங்கோ. லைசென்ஸ் இல்லாமல் செய்தது தெரிஞ்சால் எல்லாம் போச்சு. பேந்து நான் இந்த மனிசனோட எப்பிடி இருக்கிறது?"

மறுநாள் அந்தப் பெண்ணிடம், நானே பூட்டினேன் என்று சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு எழுதிக்கொண்டாள். லைசென்ஸ் இல்லாதவன் பூட்டியது என்று ஒரு சதமும் கிடைக்கவில்லை. தரையும் சுவரும் கடனில் ஏறின. "தங்கச்சிக்கு ரெண்டாஞ் சீதனமும் குடுத்திட்டியள்" என்றாள் என் மனைவி.

மச்சான் சோதினை பாஸ் பண்ணினான். இப்போது அவன் பெயர் எழுதிய வெள்ளை வான் ஓடுகிறது. எனக்கு அதில் சந்தோசம்தான் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். பாதி உண்மையும்கூட.

போன கோடையில் அவர்களின் பிள்ளைக்கு மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் விழா. கோயில் மண்டபத்தில் சாப்பாடு. என் மேசையில் இருந்த ஒருவர், முகப் பழக்கம் மட்டும் உள்ளவர், தாங்கி மாற்றப்போவதாகச் சொன்னார்.

"உங்கட மச்சானைத்தான் பிடிச்சிருக்கிறன். நீங்கள் காசு மிச்சம் பிடிக்கத் தனியப் பூட்டி, வீடெல்லாம் வெள்ளம் போட்ட கதையைச் சொன்னவர். லைசென்ஸ் இல்லாத ஆக்களைத் தொட விடாதேங்கோ எண்டு எல்லாருக்கும் அதைத்தானாம் சொல்லுறவர்."

ஆக, நான் அவனுக்கு விளம்பரம். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். தொழில் செய்கிறவன் நாலு பொய் சொல்வான். அவன் எனக்குக் கலியாணத்தால் வந்த உறவுதானே.

அந்த நேரம் தங்கச்சி கட்லட் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் முகம் கறுக்கும், தலை குனியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தட்டில் இரண்டு கட்லட் வைத்தாள்.

"அண்ணை எப்பவும் அப்பிடித்தான்" என்றாள் அவரிடம். "ஆரையும் கேக்கமாட்டார், எல்லாம் தானே செய்யவேணும். இவர் அண்டைக்கே சொன்னவர், நான் வந்து பூட்டித் தாறன் எண்டு."

பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணை?" என்றாள். அவள் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. சொல்லிச் சொல்லி அவளுக்கு அது நடந்த கதையாகவே ஆகிவிட்டது. நாலு மணித்தியாலம் டோர்ச் பிடித்து உளைந்த கை அவளுக்கு நினைவில்லை.

மேசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளை இழக்கக் கூடாது என்றுதான் அந்தப் பொய்யை ஒருமுறை அந்நியப் பெண்ணிடம் சொன்னேன். இப்போது அதை அவளிடமே சொல்ல வேண்டியிருந்தது.

"ஓம்" என்றேன். "நான்தான் பூட்டினது."