அஞ்சு வரைக்கும் எண்ணும் குரல்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்கிறவனை என்னிடம் அனுப்புங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதிகம் படிக்காதவன். ஆனால் மணி பார்க்கத் தெரியும். கதை கட்டத் தெரியாது.

என் பேத்திக்கு ஐந்து வயது. வீட்டில் 'வாலு' என்று கூப்பிடுவோம். நெஞ்சில் சளி கட்டி, தானாக மூச்சு விட முடியாமல் கிடந்தாள். குழந்தைகள் வார்டில் கடைசி அறை, ஒரே கட்டில். தொண்டையில் குழாய். மூச்சு கொடுக்கிற மெஷின் பழுதாகிவிட்டது. வேறொன்று வரும்வரை குழாயில் ரப்பர் பையை மாட்டிக் கையால் அமுக்க வேண்டும். அமுக்கினால்தான் பிள்ளைக்கு மூச்சு.

காலையிலிருந்து அமுக்கியது ஒரு பயிற்சி டாக்டர். சின்னப் பெண். எனக்கு அவள்மேல் நம்பிக்கையே இல்லை.

"ஏம்மா, படிச்சு முடிச்சிட்டியா, இல்ல என் பேத்திய வச்சுத்தான் படிக்கிறியா?"

"ரெண்டும்தான் தாத்தா." சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

2.10. பக்கத்து அறையில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு. நர்ஸ் கூப்பிட்டாள். மருமகன் ரத்தம் வாங்கப் போயிருந்தான். என்னை விட்டால் ஆள் இல்லை. டாக்டர் பெண் பையை என் கையில் திணித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுக்கு அமுக்குங்க. மாத்தி எண்ணிடாதீங்க தாத்தா. மூணுதான்."

ஓடினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஒன்று... இரண்டு... மூன்று. புஸ்.

வாலுவின் நெஞ்சு ஏறி இறங்கியது. கால் மணி நேரம் ஒழுங்காகப் போனது.

2.26. மூன்றுக்கு அமுக்கினேன். பை அமுங்கவில்லை. கல் மாதிரி இருந்தது. கை மரத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

நான்கு... ஐந்து...

புஸ்.

நான் அமுக்கவில்லை.

என் விரல்களுக்கு மேலே இன்னொரு கை. ஈரமாக, சில்லென்று. கண்ணுக்குத் தெரியவில்லை. கனம் தெரிந்தது.

காதோரம் ஓர் ஆண் குரல். பொறுமையான குரல்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு."

புஸ்.

வாலுவின் நகம் நீலமானது.

'விடுய்யா, பிள்ளை சாகுது' என்று கத்தப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

பையை இழுத்தேன். வரவில்லை.

உதடும் நீலம்.

"...நாலு... அஞ்சு."

2.31. கதவு திறந்தது. டாக்டர் பெண் பையைப் பிடுங்கினாள். அவள் கையில் அது அமுங்கியது. புஸ்... புஸ்... புஸ். மெல்ல நிறம் திரும்பியது.

"நான் அஞ்சு எண்ணலம்மா," என்றேன்.

"தெரியும். வராந்தா வரைக்கும் கேட்டுச்சு. அது யார் குரல்னும் தெரியும்."

அமுக்கிக்கொண்டேதான் சொன்னாள். எண்ணிக்கை மட்டும் பிசகவில்லை.

சாயங்காலம் மெஷின் வந்தபிறகு சொன்னாள். மூன்று நாள் முன்பு அதே கட்டிலில் ஒரு பையன். அன்றைக்கும் மெஷின் இல்லை; பை அமுக்கியது அவன் அப்பன். இவள் அன்றைக்குத்தான் பெரியவர்கள் வார்டிலிருந்து மாறி வந்திருந்தாள். பெரியவர்களுக்கு ஐந்து எண்ண வேண்டும். பழக்கத்தில் பையனுக்கும் ஐந்து என்று அப்பனிடம் சொல்லிவிட்டு வேறு பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த மனுஷன் ஓர் எண்கூடப் பிசகாமல் மூன்று மணி நேரம் அமுக்கியிருக்கிறான். பையன் போய்விட்டான். மறுநாள் அப்பனையும் அதே ஆஸ்பத்திரிக்குப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்களாம்.

"அந்த ஆள்கிட்ட உண்மையச் சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல தாத்தா."

பெரிய டாக்டரிடம் நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. வாலுவை இன்னும் ஒரு வாரம் அவள்தான் பார்க்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வாலு பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தக் கட்டிலில் இந்நேரம் வேறொரு பிள்ளை படுத்திருக்கும்.

ஐந்து தப்பு என்று அந்த அப்பனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.