கால் டின் மண்

பதினோராம் வகுப்பு படித்த வருஷம் முழுவதும் எங்களுக்குக் கணக்கு வாத்தியார் வந்துகொண்டே இருந்தார். வந்து சேரத்தான் இல்லை. பழையவர் ஜூன் மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். "ஆர்டர் போட்டாச்சு, ஆளு வந்துகிட்டே இருக்காரு" என்று தலைமையாசிரியர் வாராவாரம் சொன்னார். கன்னியாகுமரியிலிருந்து நடந்தே வருகிறாரோ என்று பையன்கள் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதெல்லாம் பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. அதில் கணக்கில் கோட்டை விட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். நான் செஞ்சி கடைவீதியில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் மகள். தேறாவிட்டால் என்னை யாரும் வெளியே தள்ளப் போவதில்லை. கல்யாணம் செய்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். மற்றவள் தளவானூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். அவள் டீச்சர் டிரெய்னிங் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். அவள் அப்பாவும் ஒரு முடிவு செய்திருந்தார். "ஒரே வாட்டிதான். பாஸானா மேல படி. இல்லன்னா களையெடுக்க வா."

ஆகவே எங்களில் யாருக்குமே இல்லாத அவசரம் அவளுக்கு இருந்தது. காலாண்டுத் தேர்வு நெருங்கியபோது ஒருநாள் எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்தாள். பையன்கள் விசில் அடித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "குட்மார்னிங் டீச்சர்" என்று நீட்டி முழக்கினான். "குட்மார்னிங், உக்காரு" என்று சொல்லிவிட்டுப் பலகையில் ஒரு கணக்கை எழுதினாள். அதை முடிக்க முடியாமல் நடுவில் நின்றாள். "எனக்கு இதுவரைக்கும்தான் தெரியும். மிச்சம் யாருக்குத் தெரியும்?"

விசில் அடித்தவனுக்குத் தெரிந்திருந்தது. வந்து முடித்தான். இப்படித்தான் அது ஆரம்பமானது.

பிறகு ஆளுக்கொரு பாடமாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்குக்கு அல்ஜிப்ரா வந்தது. முந்தின நாள் மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "அந்தப் பக்கம் போனா ஏன் மைனஸ் ஆவுது?" என்றாள். வாத்தியாரிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டிருக்க மாட்டோம். கேட்டால் பிரம்புதான் பதில் சொல்லும். "அது அப்படித்தான்" என்றேன். "அப்படித்தான்னா?" என்றாள் விடாமல். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய், அவளை மடக்கியே ஆக வேண்டும் என்ற வீம்பில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு அல்ஜிப்ரா புரிந்தது அன்றைக்குத்தான்.

அவள் பங்கு கனஅளவு. அதில் ஒரு கிணற்றுக் கணக்கு உண்டு. இத்தனை ஆழம், இத்தனை அகலத்தில் கிணறு வெட்டி, அந்த மண்ணைச் சுற்றிலும் பரப்பி மேடை கட்டினால் மேடையின் உயரம் என்ன? கிணற்றின் கனஅளவும் மேடையின் கனஅளவும் ஒன்று என்று வைத்துக்கொண்டு போட வேண்டும். அவள் அப்படித்தான் போட்டாள். வல்லத்திலிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்து, "அது எப்படி? தோண்டின மண்ண திரும்பக் குழியில கொட்டினா மிஞ்சும்ல?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் கொல்லையில் குழி வெட்டி மூடியவர்கள்தான்.

அவள் சிரிக்கவில்லை. "மிஞ்சத்தான் மிஞ்சும். எவ்ளோ மிஞ்சும்?" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. வகுப்பே எழுந்து பின்புறம் வேப்பமரத்தடிக்குப் போனது. தோட்டக்காரரிடம் கடப்பாரை வாங்கினோம். பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்று கிடந்தது. அந்த டின் பிடித்தாற்போல் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டினோம். டின்னை வெளியே எடுத்து, வெட்டிய மண்ணை அதில் அள்ளிப் போட்டோம். டின் நிறைந்த பிறகும் மண் கிடந்தது. கால் டின் அளவு. இடம் மாற்றி வெட்டிப் பார்த்தோம். அங்கேயும் ஏறக்குறைய கால்தான். கட்டிக் கிடந்த மண் உதிர்ந்தால் பொலபொலத்துப் பெருகுகிறது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வராமல் போனதற்கு அம்மா என்னை வைது தீர்த்தாள். நாங்கள் சமணர்கள், எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு சாப்பாடு கிடையாது. பட்டினியாகத்தான் படுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த நாளும் பட்டினி கிடந்ததில்லை.

மண்ணைப் பரப்பும் கணக்கு வந்தால் கால் பங்கு சேர்த்துக்கொள்வது என்று வகுப்பில் முடிவாயிற்று. அதை மாற்றிச் சொல்ல வாத்தியார்தான் இல்லையே.

பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது. எண்கள் மட்டும் வேறு. கேள்வித்தாளைப் படித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஹாலில் எங்கள் பிள்ளைகள் எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு. ஒருவர் பேப்பரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் எங்கள் பள்ளிக்கூடத்து நம்பர் ஒன்றுகூட இல்லை. ஒரு வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். ஒரு கணக்கில் எல்லாரும் ஒரே தப்பை, ஒரே இடத்தில் செய்திருக்கிறோமாம். காப்பி அடிக்காமல் இது எப்படி நடக்கும்?

தலைமையாசிரியர் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரம், கடப்பாரை, டின். "தப்பில்ல சார், மண்ணு மிஞ்சும். நீங்களே வந்து பாருங்க."

"இந்தப் பாடத்தை நடத்தினது யாரு?"

அவள் பேரைச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். அவளுடைய அறிவு இவருக்கும் தெரியட்டுமே என்று நினைத்தேன்.

அவர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "பொண்ணு பாடம் நடத்தினாளா? உங்களுக்குக் கணக்கு வாத்தியார் இல்லையா?"

தலைமையாசிரியர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இல்லாம என்ன சார்? சயின்ஸ் வாத்தியார் வருஷம் பூரா எடுத்தாரே" என்றார். வருஷம் முழுக்க வாத்தியார் இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்தியதை ஒப்புக்கொண்டால் அவர் தலைக்கு ஆபத்து. நான் வாயைத் திறப்பதற்குள் "நீ போம்மா" என்று கதவைக் காட்டினார். இத்தனை வருஷம் ஆகியும் அந்த மனிதர் மேல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் பையன்கள் உற்சாகமாக இருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி உண்மையைச் சொல்லியிருந்தோம். எல்லாரும் அவள் பேரைத்தான் சொல்லியிருந்தோம். சாட்சி இத்தனை பலமாக இருந்தால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

கடைசியாக அவளைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவளிடம், "இன்னா கேட்டாரு?" என்றேன்.

"எல்லாரும் ஒம் பேரத்தான் சொல்றாங்க, நீ இன்னா சொல்றன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நாந்தான் கத்துக்குடுத்தேன்னு சொன்னேன்."

பத்து நாளில் உத்தரவு வந்தது. அந்த ஒரு கணக்குக்கு மட்டும் மார்க் கிடையாது என்று சொல்லி மற்றவர்களின் ரிசல்ட்டை வெளியிட்டுவிட்டார்கள். அநேகமாக எல்லாரும் பாஸ். காப்பிக்கு மூலகாரணம் அவள் என்று அவளுடைய பரீட்சையை மட்டும் ரத்து செய்தார்கள். இரண்டு வருஷம் எழுதவும் கூடாது. வாத்தியார் இருந்தார் என்று தலைமையாசிரியர் சொன்ன பிறகு, பிள்ளைகள் சொன்னது சேர்ந்து கட்டிய கதையாகிவிட்டது. கதையில் எல்லாரும் சுட்டியது ஒருத்தியைத்தானே.

நான் மண்டியில் இருந்த நைனாவிடம் போய் அழுதேன். மெட்ராஸுக்கு எழுதிப் போடுங்கள் என்றேன். "ஒன் நம்பரு வந்துடுச்சில்ல? சும்மா கெட" என்றார். மற்ற வீடுகளிலும் இதையேதான் சொன்னார்கள். அவள் அப்பா பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்து, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாகத் தோட்டக்காரர் சொன்னார். ஐப்பசி மழையில் வேப்பமரத்தடி மண் படிந்து, குழி இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

டிரெய்னிங்குக்கு நான் போனேன். முடித்து வல்லம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கடலை பிடுங்குகிற மாதத்தில் ஒருநாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நகக்கண்ணெல்லாம் செம்மண். என்னைப் பார்த்து ஒளியவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இன்னா கிளாஸ் எடுக்கற?" என்றாள்.

"எட்டாங்கிளாஸ்."

"கெணத்துக் கணக்கு வருதா?"

"வருது."

"பசங்க கேக்கறாங்களா, மண்ணு மிஞ்சுமேன்னு?"

"போன வருஷம் ஒரு பொண்ணு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புக்குல இருக்கற மாதிரி போடுன்னு சொன்னேன்."

அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அதான் சரி" என்றாள். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னாள்.

"அந்தப் பொண்ணாவது பாஸாவட்டும்."

தளவானூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.