மூன்றாவது மேட்டின் சாம்பல் வழி

பைக்குக்கும் சைக்கிளுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தால், சத்தம்தான் என்று சொல்லியிருப்பேன். அந்தச் சத்தத்தையும் நான் வாயாலேயே போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சித்தப்பா மண்மேடுகளில் பைக்கை எகிறவிடும் ரேஸ்காரர். என்னிடம் இருந்தது சிவப்பு நிற பி.எம்.எக்ஸ் சைக்கிள். குட்டைச் சக்கரம், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், ஹேண்டில் கம்பியில் சுற்றிய பஞ்சு மெத்தை. மேடு ஏறும்போது சித்தப்பா சீட்டை விட்டு எழுந்து நிற்பார், நானும் எழுந்து நிற்பேன். அவர் ஆக்சிலேட்டரைத் திருகுவார். நான் திருகுவதற்கு ஒன்றுமில்லாத கைப்பிடியைத் திருகித் திருகி அதன் ரப்பரையே கழற்றி வைத்திருந்தேன். திருவொற்றியூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் ஓட்டினோம். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கூத்து என்று யாராவது கேட்டால், "சித்தப்பனுக்கு மூளை இருந்தா தானே அவளுக்கு இருக்கும்" என்று அம்மா ஒரே பதிலில் இரண்டு பேரையும் முடித்துவிடுவாள்.

சித்தப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு முறை தோள் எலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் பைக்கை எடுக்கும்போதெல்லாம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அப்பா அவருக்கு அண்ணன், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவர் யார் யாரையோ பிடித்துத் தம்பிக்குக் கண்டெய்னர் யார்டில் ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டார். சித்தப்பாவுக்கும் ஒரு வழி இருந்தது. டோல்கேட்டில் டயர் கடை வைத்திருந்த ஒருவர், முகத்துவாரக்குப்பத்துப் பக்கம் நடக்கப்போகும் ரேஸில் முதலாவதாக வருகிறவரைக் கோயம்புத்தூரில் நடக்கும் பெரிய ரேஸுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"ஜெயிச்சா போ. தோத்துட்டா வண்டிய வித்துட்டு திங்கக்கெழம யார்டுக்குப் போற. அதுக்கு மேல பேச்சு இல்ல" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அப்பா கட்சி. நான் சித்தப்பா கட்சி. ரேஸ் அன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு ஓவர்டைம். இந்தக் கண்ராவியைப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா என்று சொல்லிவிட்டு, நாங்கள் கிளம்புவதற்கு முன்பே சாப்பாட்டு டப்பாவோடு போய்விட்டார்.

சித்தப்பா பைக்கையும் என் சைக்கிளையும் ஒரே கயிற்றில் கட்டி, மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினார். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நான் சைக்கிள் மேலேயே உட்கார்ந்துகொண்டு போனேன். சும்மா வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அந்த ரேஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பைக்குகள் ஓடி மண்ணைக் கிளறுவதற்கு முன்னால், சைக்கிள் பிள்ளைகளைப் பாதை முழுவதும் சுற்றவிடுவார்கள். சைக்கிள் சக்கரம் எங்கே புதைகிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே சுகமாக உருள்கிறது என்று பார்த்துத்தான் பைக்கை எங்கே இறக்குவது என்று முடிவு செய்வார்கள். சித்தப்பாவுக்கு அந்த வேலையை நான்தான் செய்வேன். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அவ்வளவு மதித்ததில்லை.

மைதானத்தில் எங்களுக்கு முன்பே புளியந்தோப்புக்காரர் வந்திருந்தார். சித்தப்பாவை ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவருடைய பைக் நேர்ப்பாதையில் பிய்த்துக்கொண்டு போகும். மேடுகளில் சித்தப்பா கெட்டிக்காரர்.

"இன்னா மாமு, இன்னிக்கும் மண்ணு துன்னத்தான் வந்துகிறியா?" என்றார் அவர்.

"யாரு துன்றான்னு சாயங்காலம் பாத்துக்கலாம்டா" என்றார் சித்தப்பா.

இது எனக்குப் பிடித்திருந்தது. பகையென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அடுத்த நிமிடமே அவர் என் சைக்கிள் பக்கம் வந்து குந்தினார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வால்வு மூடியைக் கழற்றி நகத்தால் குத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது.

"சித்தப்பா! காத்த புடுங்குறாரு!" என்று நான் போட்ட கத்தலில் மைதானமே திரும்பிப் பார்த்தது.

"கத்தாத பாப்பா. டயரு கல்லு மாரி கீது. மணல்ல எப்டி ஓடும்? மெத்துனு இருந்தா தான் மண்ண புடிக்கும்" என்றார் அவர் நிதானமாக.

சித்தப்பா ஓடி வந்தார். சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ இன்னொரு சக்கரத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, அதிலும் காற்றை இறக்கினார். எதிரியும் சித்தப்பாவும் ஆளுக்கொரு சக்கரமாக என் சைக்கிளைக் கெடுத்துவிட்டார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுதுகொண்டே ஓட்டினேன். ஓட்டிப் பார்த்தால், சைக்கிள் அதுவரை போகாத இடத்தில் எல்லாம் போனது. முதல் மேடு, இரண்டாவது மேடு சரி. மூன்றாவதுதான் பேஜார் பிடித்த மேடு. அதன் மறுபக்கச் சரிவு முழுவதும் பொதபொதவென்று மணல். இறங்கிய வேகத்தில் சக்கரம் பாதி புதைந்து என்னைக் குப்புறத் தள்ளியது. மறுபடி ஏறி, இந்த முறை பயத்தில் வெளி ஓரமாக ஒதுங்கி இறங்கினேன். அங்கே மணலுக்கு ஆழமில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து படிந்து, மழையில் நனைந்து, காய்ந்து, சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே மட்டும் மணல் தூவியிருந்ததால் பார்வைக்குத் தெரியவில்லை. ஒரு பைக் போகிற அகலம்தான். என் மெத்தென்ற டயர் அதன்மேல் வழுக்காமல் உருண்டு போனது.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஓடிப் போய்ச் சித்தப்பா காதில் மட்டும் சொன்னேன். அவர் வந்து குதிகாலால் மிதித்துப் பார்த்தார், குனிந்து கையால் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இனி கோயம்புத்தூர்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து, "டேய் மாமு! எல்லாரையும் இட்டுகினு இங்க வாடா!" என்று கூப்பிட்டார்.

பிறகு என்னிடம், "பாப்பா, இன்னொரு வாட்டி ஓட்டிக் காட்டு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதைகள் கேட்டிருக்கிறேன். தாழியை உடைத்துவிட்டு ஊரைக் கூப்பிட்டுக் காட்டுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். "அது நான் கண்டுபுடிச்சது" என்றேன்.

"காத்து எறக்கனது யாரு? அவன்தானே? அப்போ வழில பாதி அவனுது" என்று சொல்லிச் சிரித்தார் சித்தப்பா. "அதுவும் இல்லாம, பாதை இன்னா நம்ப வூட்டு சொத்தா?"

ஓட்டிக் காட்டினேன். அந்த ஒரு முறை மட்டும் வாயால் பைக் சத்தம் போடவில்லை. புளியந்தோப்புக்காரர் என் தலையைத் தட்டி, "சூப்பர் பாப்பா" என்றார். நான் தலையை நகர்த்திக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் ரேஸ் ஆரம்பித்தது. சனங்கள் மேட்டுப் பக்கம் முழுவதும் நின்றிருந்தார்கள். புழுதியில் நம்பர் அட்டைகூடத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் எங்கோ பின்தங்க, இரண்டு பேர் மட்டும் முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது மேட்டில் சித்தப்பா காற்றில் எழும்பி, வெளி ஓரத்தில் என் சாம்பல் வழியில் அழகாக இறங்குவார். மூச்சு விடுவதற்குள் அதே இடத்தில் புளியந்தோப்புக்காரரும் இறங்குவார். கடைசிச் சுற்றில் சித்தப்பாதான் முன்னால் இருந்தார். மேட்டைத் தாண்டி இறங்கினார்கள், நேர்ப்பாதை வந்தது. அங்கே புளியந்தோப்பு எஞ்சின் பக்கத்தில் வந்து, கடந்து, ஒரு சக்கர வித்தியாசத்தில் முந்திவிட்டது. மணலில் இறங்கியிருந்தால் அந்த ஆள் அங்கேயே புதைந்திருப்பார். என் வழிதான் அவரைக் கொண்டுவந்து கொடியிடம் சேர்த்தது.

நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரே கேன் தண்ணீரை ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். ஒரே இலையில் வறுத்த மீன் வாங்கிப் பிய்த்துத் தின்றார்கள். புளியந்தோப்புக்காரர் என்னைத் தூக்க வந்தார், கையில் பிராண்டிவிட்டேன். இவர்கள் எதிரிகளா, தோஸ்துகளா? எதிரிகள் என்றால் எதற்கு ஒரே இலை? தோஸ்துகள் என்றால் நான் எதற்கு இத்தனை நாள் அந்த ஆளை வெறுத்தேன்?

மீன்பாடி வண்டியில் திரும்பும்போது, "நீ ஏன் அழல?" என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"வண்டி நல்லா ஓடிச்சு பாப்பா" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அப்பா எங்களுக்கு முன்பே வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா செருப்பைக் கழற்றும்போதே, "தோத்துட்டேன் அண்ணி. நாளைக்கு யார்டு" என்றார். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தோற்றவருக்கு இரண்டு துண்டு மீன் அதிகமாக வைத்தாள். சித்தப்பா பசியோடு சாப்பிட்டார். நினைத்ததை நடத்திவிட்ட அப்பாவோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட வைக்கவில்லை.

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மூணாவது மேட்டாண்ட அந்தச் சாம்பல் வழிய அவனுக்கு ஏண்டா காமிச்ச?"

சித்தப்பாவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "அவன் மணல்ல மாட்டிகினு வுழுந்தான்னா, பின்னாடி வர்றவன் அவன் மேலதானே எறங்கணும்ணா" என்றார்.

"வுழுந்துட்டுப் போறான்! நீ கோயம்புத்தூர் போயிருப்பியேடா!"

அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து, கை கழுவும் சாக்கில் குழாயடிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மைதானத்தில் அழாத சித்தப்பா இப்போது குனிந்து சோற்றில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

சாம்பல் வழி விஷயம் எங்கள் வீட்டில் என்னையும் சித்தப்பாவையும் தவிர யாருக்கும் தெரியாது. பழி என்மேல்தான் விழும்.

"நான் நைனாகிட்ட சொல்லல சித்தப்பா, சாமி சத்தியமா" என்று அவர் தலையில் கையை வைத்தேன். அவர் எச்சில் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஓவர்டைமுக்குப் போன மனிதரிடம் யார் போய்க் கோள் மூட்டியிருப்பார்கள் என்று மைதானத்தில் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். புளியந்தோப்புக்காரரைச் சந்தேகப்பட்டேன். மீன்பாடி வண்டிக்காரரைச் சந்தேகப்பட்டேன். காலையிலிருந்து கூட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் சாப்பாட்டு டப்பாவோடு அப்பா நின்றிருப்பார் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.